நிற்கப் பழகிய குதிரை

சலூன் வாசலில் குதிரை நின்றுவிட்டது. நாலு காலையும் ஊன்றி, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, அந்த இடத்தைத் தன் பெயருக்குப் பத்திரம் முடித்துக்கொண்டதுபோல நின்றது.

"போப்பா… போ ராசா" என்றார் நிதானம்.

குதிரை ஒரு காதை மட்டும் பின்பக்கம் திருப்பியது. பிறகு அதை முன்பக்கம் திருப்பிக்கொண்டது. சொன்னது காதில் விழுந்தது, யோசித்துச் சொல்கிறேன் என்று அர்த்தம்.

சலூன்காரர் கையில் கத்தியோடு வாசலுக்கு வந்தார். அவருக்குப் பின்னால், ஒரு கன்னம் மழித்தும் மறு கன்னம் நுரையுமாக ஒரு வாடிக்கையாளர் எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, முடி வெட்டணுமா, சவரம் மட்டும் போதுமா?"

"எனக்கா?"

"உங்க தலையில வெட்ட என்ன இருக்கு? குதிரைக்குக் கேட்டேன்."

நிதானம் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நேத்தும் இங்கதான் நின்னுச்சு, முந்தாநாளும் நின்னுச்சு. பேசாம ஒரு நாற்காலியைக் காலி பண்ணிக் கொடுத்துடட்டுமா?"

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. வண்டிக்குள் காலை ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது.

நிதானம் என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் இல்லை. பேக்கரியின் ரொட்டி வண்டியைப் பல வருஷமாக ஓட்டுகிறவர் அவர். வண்டி இழுத்த பெண் குதிரை பெரியவள், ஓட்டியவர் இவர். இரண்டு பேரும் எதற்கும் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அதனால் தெரு அவருக்கு அந்தப் பெயரைக் கொடுத்திருந்தது. பெரியவளுக்கு இப்போது வயதாகி முழங்கால் பிடித்துக்கொண்டது. பனிக்காலம் தொடங்கியபோது முதலாளி ஒரு இளங்குதிரையை வாங்கிக்கொண்டு வந்து லாயத்தில் கட்டினார். சின்னவன் என்று பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

அன்றைக்கே முதலாளி சட்டத்தையும் போட்டார்.

"இங்க பாருய்யா. பனிக்காலம் முடியறதுக்குள்ள இவன் வண்டி இழுக்கணும். இல்லன்னா என் மச்சினன் அவன் வேனைக் கொண்டாந்து நிறுத்திடுவான். வேனுக்குப் புல்லும் வேண்டாம், லாடமும் வேண்டாம்."

"சரிங்க முதலாளி."

"நீயும் வேண்டாம்."

அதுதான் விஷயம். நிதானத்துக்கு வேன் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்கிற வயதும் தாண்டிவிட்டது. ஒரு குதிரைக்கு வண்டி பழக்கத் தெரியும், அவ்வளவுதான்.

"வாரத்துல ஒருநாள் உனக்கு லீவு இருக்கே, அன்னைக்கும் இவன் சும்மா நிக்கக் கூடாது. குளிர்ல நின்னா குதிரைக்குக் கால் இறுகிடும். அன்னைக்கு நானே கொஞ்சம் காலாற ஓட்டிட்டு வந்துடறேன்" என்றார் முதலாளி.

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?"

"குதிரையைப் பத்தி எனக்கா சொல்லித் தர்றே?"

நிதானம் சொல்லித் தரவில்லை. வேலையை ஆரம்பித்தார்.

இளங்குதிரையை நேராக வண்டியில் பூட்டிவிட முடியாது. முதலில் கடிவாளம் மட்டும் மாட்டி, நீள வாரைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே நடக்க வேண்டும். பின்னாலிருந்து வரும் ஆளின் பேச்சுக்கும் வாரின் அசைவுக்கும் அது பழக வேண்டும். அப்புறம் ஒரு மரக்கட்டையைக் கயிற்றில் கட்டி இழுக்கவிட வேண்டும். பின்னால் ஏதோ சரசரவென்று துரத்துகிறதே என்ற பயம் தெளிவதற்கு அந்தக் கட்டை. கட்டை பழகிய பிறகு காலி வண்டி. காலி வண்டி பழகிய பிறகு ரொட்டி வண்டி. இத்தனைக்கும் நடுவே குளிர் வேறு. வியர்த்த குதிரை வாடைக்காற்றில் நின்றால் நெஞ்சில் சளி கட்டும். ஆகவே ஓட்டம் முடிந்ததும் போர்வை போட்டு, மூச்சு அடங்கும்வரை மெதுவாக நடத்த வேண்டும்.

போர்வைக்கு முதலாளி காசு தரவில்லை. நிதானத்தின் மனைவி வீட்டு ஜன்னல் திரையைக் கழற்றி, உள்ளே பழைய கம்பளியை வைத்துத் தைத்துக் கொடுத்தாள். மஞ்சள் நிறத்தில் பெரிய பெரிய சூரியகாந்திப் பூ போட்ட திரை அது. அதைப் போர்த்திக்கொண்டு சின்னவன் தெருவில் நடந்தால், நம்ம ஜன்னல் நடந்து போகிறது என்று அவளுக்கே சிரிப்பு வரும்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு தும்மல் வந்து கெடுத்தது.

குதிரைக்குப் பாடம் நடத்துவதில் ஒரு சூட்சுமம் உண்டு. வாரை இழுக்கும்போது அது எதையும் கற்றுக்கொள்வதில்லை. இழுப்பு ஒரு கேள்வி மட்டுமே. அது சரியாகச் செய்ததும் நாம் வாரைத் தளர்த்துகிறோமே, அந்தத் தளர்வுதான் பதில். 'ஓ, இதைத்தான் கேட்டார்களா!' என்று குதிரை அந்த நொடியில்தான் மனதில் எழுதிக்கொள்கிறது. அதுவும் இளங்குதிரை இருக்கிறதே, இரண்டு தரம் ஒரே இடத்தில் ஒரே காரியம் நடந்தால் மூன்றாம் தரம் அதைச் சட்டமாக்கிவிடும்.

நிதானத்துக்கு அன்று சளி பிடித்திருந்தது. சலூன் வாசலுக்கு வரும்போது தும்மல் வந்தது. அவருடைய தும்மல் அவரைப்போல நிதானமானது இல்லை. முழு உடம்பும் குலுங்கும். குலுக்கலில் வார் கையைவிட்டுத் தளர்ந்தது. சின்னவன் நின்றான். மூக்கைத் துடைத்துக்கொண்டு நிதானம், பயப்படாமல் நின்றானே என்ற சந்தோஷத்தில், "சபாஷ்" என்று முதுகில் தட்டிக் கொடுத்தார்.

மறுநாளும் சளி இருந்தது. அதே இடத்தில் தும்மலும் இருந்தது. சலூனிலிருந்து வரும் பவுடர் வாசம்தான் காரணம் என்று பின்னால் கண்டுபிடித்தார். அதற்குள் சின்னவன் பாடத்தை முடித்துவிட்டிருந்தான்.

"கேரட் காட்டுங்க அண்ணே" என்றார் சலூன்காரர். இலவச யோசனைக்கு அந்தக் கடையில் பஞ்சமே இல்லை.

நிதானம் கேரட் காட்டினார். குதிரை உடனே நடந்தது. வெற்றிதான். ஆனால் குதிரையின் கணக்கு வேறு மாதிரி: 'சலூன் வாசலில் நின்றேன், கேரட் வந்தது.' அடுத்த நாள் அது வழக்கமான இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது. சீக்கிரம் நின்றால் சீக்கிரம் கேரட் வருமல்லவா?

"ஓட்டமா ஓட்டிட்டுத் தாண்டிடுங்க. நிக்கணும்னு நினைக்கவே நேரம் கொடுக்காதீங்க" என்றார் நுரைக் கன்னத்துக்காரர். அவர் தினமும் சவரம் செய்துகொள்கிறவர் போலிருக்கிறது.

நிதானம் ஓட்டமாக ஓட்டினார். அதுவரை வாழ்க்கையில் அவர் அப்படி ஓட்டியதில்லை. சின்னவனும் உற்சாகமாக ஓடினான், சலூன் வாசல் வரைக்கும். அங்கே வந்ததும் நாலு காலையும் பூமியில் நட்டான். குதிரை நின்றது, வண்டி நின்றது, வண்டிக்குள் இருந்த ரொட்டி நிற்கவில்லை. தட்டுக்கள் முன்னால் சரிந்து, பன்கள் படபடவென்று வெளியே பறந்து, ஒன்று சலூனுக்குள்ளேயே போய் நுரைக் கன்னத்துக்காரரின் மடியில் விழுந்தது.

நிதானம் இறங்கி ஓடினார். "மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க!"

நுரைக் கன்னத்துக்காரர் பன்னைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

"சூடா இருக்கே! இன்னும் நாலு கொடுங்க, வீட்டுக்கு."

"எனக்கும் ஒரு ரொட்டி" என்றார் அடுத்த நாற்காலிக்காரர்.

மானம் போன இடத்தில் கொஞ்சம் வியாபாரமாவது வந்ததே என்று நிதானம் விற்றுவிட்டுக் கிளம்பினார். ஆனால் ஓடிவந்ததில் சின்னவனுக்கு வியர்த்திருந்தது. வாடைக்காற்று அடித்தது. கொஞ்ச தூரத்தில் தையற்கடை வாசலில் நிறுத்திச் சூரியகாந்தியைப் போர்த்தினார். வியர்வைக்குப் போர்வை போடாமல் இருக்க முடியுமா? மறுநாளும் ஓட்டம், மறுநாளும் வியர்வை, மறுநாளும் தையற்கடை. இப்போது நிற்க இரண்டு இடம் ஆயிற்று.

ஓடியதில் ஒரு லாடம் வேறு ஆட்டம் கண்டது. அதைப் பார்க்க மருந்துக்கடை வாசலில் குனிந்தார். நிதானமான மனிதர், நிதானமாகப் பார்த்தார். மூன்று இடம்.

பெரியவளோடு போன காலத்தில் வெயில் ஏறும் முன் வீடு திரும்புவார். இப்போது ரொட்டி வண்டி ஊர்வலம்போல நின்று நின்று வந்தது. நின்ற இடத்திலெல்லாம் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். எட்டிப் பார்த்தவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம்தான் சும்மா உட்கார்ந்திருப்பது? "நின்னதுதான் நின்னாச்சு, ரொட்டி ஏதும் வேணுமா?" என்று கேட்க ஆரம்பித்தார். மாலையில் முதலாளி தட்டுக்களைப் பார்ப்பார், காலியாக இருக்கும், தலையை ஆட்டுவார். ஆனால் மச்சினனும் அவ்வப்போது வந்து, லாயத்தின் அகலத்தை அளந்து பார்த்துக்கொண்டு போனான். வேன் நிறுத்த இடம் போதுமா என்று.

இப்படியே விட்டால் தெருவில் ஒரு வாசல் பாக்கியிருக்காது என்று நிதானத்துக்குத் தோன்றியது. பாதையையே மாற்றினால் என்ன? சலூன், தையற்கடை, மருந்துக்கடை மூன்றையும் தொடாமல் சுற்றிப்போக இஸ்திரிக்கடைச் சந்து ஒன்று இருந்தது. குதிரைக்குப் புதுச் சந்து. பழைய வழக்கம் ஏதும் கிடையாது. சுத்தமான சிலேட்டு.

சந்தின் முனைக்கு வந்தபோதே ஏதோ சரியில்லை. அவர் வாரைத் தொடுமுன்னே சின்னவன் தானாகத் திரும்பினான். திரும்பி, காதை முன்னால் நிறுத்தி, தெரிந்த வீட்டுக்குப் போகிற மாப்பிள்ளைபோல மிடுக்காக நடந்தான். சந்தின் நடுவில் பச்சை கேட் போட்ட ஒரு வீடு. அதன் வாசலில் போய் நின்றான்.

நிதானம் மூக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"டேய், இங்க நான் தும்மவே இல்லையேடா!"

சின்னவன் முன்னங்காலால் தரையைத் தட்டினான். ஜன்னல் திரை விலகியது. கொண்டையைத் தூக்கிக் கட்டிய ஒரு பெண்மணி வண்டியைப் பார்த்தாள், நிதானத்தைப் பார்த்தாள், முகம் சுருங்கத் திரையைச் சட்டென்று மூடிக்கொண்டாள்.

கேரட்டுக்கு அசையவில்லை. கெஞ்சலுக்கு அசையவில்லை. எதிரே இஸ்திரிக்கடை அம்மா பெட்டியைத் துணிமேல் வைத்ததையும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சட்டை கருகும் வாசனை வந்தது. கடைசியில் நிதானம் இன்னும் நாலு கேரட் எடுத்துப் பார்க்கலாம் என்று வண்டியின் பின்கதவைத் திறந்தார். கிடைக்காத கோபத்தில் படாரென்று சாத்தினார்.

குதிரை உடனே புறப்பட்டுவிட்டது. அவர் ஓடிப்போய் ஏறிக்கொள்ள வேண்டியதாயிற்று.

இது என்ன கூத்து என்று யோசித்தார். அடுத்த நாள் சோதித்துப் பார்த்தார். பச்சை கேட்டில் நின்றது. பின்கதவைத் திறந்து சாத்தினார். போயிற்று. எப்படியோ சாவி கிடைத்தது; ஆனால் பூட்டை யார் போட்டது என்று புரியவில்லை. பழைய பாதைக்கே திரும்பிவிடலாம் என்றால் அதுவும் நடக்கவில்லை. சலூன் முதலிய மூன்று வாசலையும் முடித்துக்கொண்டு, சந்தின் மறுமுனை வந்ததும் சின்னவன் தானாகத் திரும்பிவிடுவான். பாதை குறைவதற்குப் பதிலாகக் கூடியதுதான் மிச்சம்.

ஒரு சாயங்காலம் மனைவி தட்டில் சாப்பாட்டை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, நம்ம ஜன்னல் திரை இன்னைக்கு எங்கெல்லாம் போச்சு?"

"திரையா? அது குதிரை மேல இருக்கு."

"தெரியும். குதிரை எங்க இருந்துச்சு?"

நிதானம் சோற்றைப் பிசைந்தார். பிசைந்த சோற்றையே மறுபடியும் பிசைந்தார்.

"இஸ்திரிக்கடை அக்கா சொன்னாங்க. 'உங்க வீட்டு சூரியகாந்தி தினமும் பச்சை கேட் வாசல்ல பூக்குதே, விசேஷமா?'ன்னு கேட்டாங்க. அந்தக் கேட்டுக்குள்ள யாரு இருக்கா?"

"எனக்குத் தெரியாதும்மா. யாரோ ஒரு கொண்டைபோட்ட அம்மா."

"கொண்டை வரைக்கும் தெரிஞ்சிருக்கு!"

"ஜன்னல்ல பார்த்தேன். குதிரைதான் நிக்குது, நான் நிறுத்தலை."

"குதிரை நின்னா நீங்க ஏன் கூட நிக்கிறீங்க?"

"வண்டியில கட்டியிருக்கும்மா!"

"யாரை?"

பதில் சொன்னால் வம்பு என்று நிதானம் தண்ணீர் குடித்தார்.

"நீங்கதானே சொல்வீங்க? 'குதிரைக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஒரே இடத்துல ஒரே காரியம் திரும்பத் திரும்ப நடந்தாத்தான் அது கத்துக்கும்'னு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். அப்போ அந்த வாசல்ல யாரோ திரும்பத் திரும்ப நிறுத்தியிருக்கணும்ல? வாரைப் பிடிக்கிறது யாரு? நீங்க."

நிதானம் அவள் வாதத்தில் ஒரு ஓட்டையாவது இருக்கிறதா என்று தேடினார். இல்லை. வாழ்நாள் முழுதும் அவர் சேர்த்து வைத்த அறிவு முழுசாக எழுந்து வந்து அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டு உட்கார்ந்தது.

"நான் நிறுத்தலை" என்றார் மெதுவாக. "அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அவள் குழம்பை கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

பனி விலகத் தொடங்கியது. குதிரையின் குளிர்கால ரோமம் கொத்துக் கொத்தாக உதிர்ந்து, அடியில் செம்பு நிறம் பளபளத்தது. முதலாளி நாள் குறித்தார்.

"நாளைக்கு நானே வண்டியில வர்றேன். முழுச் சுத்தும் பார்த்துட்டுச் சொல்றேன், குதிரையா வேனான்னு. அவன் எங்க வேணும்னாலும் நிக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா நின்ன ஒவ்வொரு இடத்துக்கும் நீ காரணம் சொல்லணும். காரணம் இல்லாம ஒரே ஒரு இடத்துல நின்னாலும், வேன்தான்."

இந்த விஷயத்தை வீட்டில் சொன்னதும் மனைவி சேலையை இழுத்துச் செருகினாள்.

"நானும் வர்றேன்."

"நீ எதுக்கு?"

"உங்களுக்குச் சளி. ரொட்டி எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டாமா?"

அவருக்குச் சளி போய் வெகுநாளாகியிருந்தது. இருந்தாலும் சொல்லவில்லை.

மறுநாள் காலை முதலாளி முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மனைவி பின்கதவில் சாய்ந்துகொண்டு ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். நிதானம் வழக்கத்தைவிட நிறையவே ரொட்டி ஏற்றியிருந்தார். பழைய வாடிக்கை வீடுகளில் எல்லாம் சின்னவன் கோடு கிழித்ததுபோல நின்றான், கோடு கிழித்ததுபோலக் கிளம்பினான். முதலாளி மீசையைத் தடவிக்கொண்டார்.

சலூன் வாசல் வந்தது. சின்னவன் நின்றான்.

"இங்க நமக்கு வாடிக்கையே கிடையாதே" என்றார் முதலாளி. "காரணம்?"

காரணம் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தது. சலூன்காரர், நுரைக் கன்னத்துக்காரர், தலையில் துணி சுற்றிய இரண்டு பேர்.

"என்னண்ணே, இன்னைக்குக் கொஞ்சம் லேட்டு! பன் இருக்கா?"

"எனக்கு ரெண்டு ரொட்டி. வீட்டுல, வண்டி வர்ற நேரம் பார்த்துத்தான் சவரத்துக்கே அனுப்பறாங்க."

மனைவி பின்னாலிருந்து எடுத்து எடுத்துக் கொடுத்தாள். ஒரு தட்டு காலியாயிற்று. முதலாளி மீசையைத் தடவுவதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தார்.

தையற்கடையில் தைக்கிற பெண்கள் ஏழெட்டுப் பேர் வாசலிலேயே காத்திருந்தார்கள். "சூரியகாந்தி வந்தாச்சு!" என்று ஒருத்தி குரல் கொடுக்க, உள்ளே தடதடவென்று ஓடிய மெஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. மருந்துக்கடையில் மாத்திரை வாங்க வந்தவர்களும் ரொட்டி வாங்கினார்கள். கடைக்காரரே, "வெறும் வயித்துல மாத்திரை போடக் கூடாது, ஒரு பன் வாங்கிக்குங்க" என்று சிபாரிசு செய்தார்.

"யோவ்" என்றார் முதலாளி. "இத்தனை பேரை எப்பய்யா பிடிச்சே?"

"நான் பிடிக்கலீங்க. இவன் நின்னான், அவங்க வந்தாங்க."

பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது. "வேனா இருந்தா இந்நேரம் எல்லா வாசலையும் விர்ருனு தாண்டிப் போயிருக்கும், முதலாளி. அதுக்கு நிக்கத் தெரியுமா?"

நிதானத்துக்குக் காது குளிர்ந்தது. சண்டை சண்டையாக இருந்தாலும், வெளியாள் முன்னால் அவள் தன் பக்கம்தான். நெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்தார். சின்னவனும் கழுத்தை வளைத்துக்கொண்டு, குளம்பு ஒலிக்க, ராஜா தேரை இழுப்பவன் மாதிரி நடந்தான். தெருவில் போனவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். ஒரு குளிர்காலம் முழுக்கப் பட்ட பாடு அந்த நடையில் தெரிந்தது.

"என் மச்சினன்கிட்டச் சொல்லிடறேன்" என்றார் முதலாளி. "வேனை வேற எங்கயாவது…"

சந்து முனை வந்தது. முதலாளி பேச்சைப் பாதியில் விட்டார்.

"நேராப் போய்யா. இந்தச் சந்துக்குள்ள வேண்டாம்."

தெய்வமே மனித உருவில் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று நிதானம் நினைத்தார். "சரிங்க முதலாளி, நேராவே போயிடலாம்!"

"ஏன் நேராப் போகணும்?" என்றாள் மனைவி. "தினமும் இந்தச் சந்து வழியாத்தானே போறாராம்? முழுச் சுத்தும் பார்க்கணும்னுதானே வந்தீங்க?"

"பார்த்த வரைக்கும் போதும்மா."

"போதாது முதலாளி. எனக்குப் போதாது."

மூன்று பேரும் பேசி முடிப்பதற்குள் சின்னவன் திரும்பிவிட்டான். நிதானம் வாரை இழுத்தார். முதலாளியும் கையை நீட்டி வாரை இழுத்தார். இரண்டு பேர் இழுத்தும் பலனில்லை. காதை முன்னால் நிறுத்தி, மிடுக்காக நடந்து, பச்சை கேட் வாசலில் போய் நின்றான். முன்னங்காலால் தரையைத் தட்டினான்.

இஸ்திரிக்கடை அம்மா பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வசதியாக நின்றுகொண்டாள்.

"கிளப்புய்யா, கிளப்பு" என்றார் முதலாளி, தாழ்ந்த குரலில். வெயிலே இல்லாத காலையில் அவர் நெற்றி வியர்த்திருந்தது.

"பின்கதவைத் திறந்து சாத்தினாத்தாங்க கிளம்பும்."

"அப்போ சாத்து!"

"அவ சாஞ்சு உட்கார்ந்திருக்காளே!"

"நான் நகர மாட்டேன்" என்றாள் மனைவி. "இந்த வாசல்ல யாரு நிறுத்திப் பழக்கினாங்கன்னு தெரியாம நகர மாட்டேன்."

முதலாளி துண்டை எடுத்து முகத்தைத் துடைப்பதுபோல முகத்தை மூடிக்கொண்டார். "பரவால்லம்மா, குதிரைன்னா அப்படி இப்படித்தான். யோவ், இந்த ஒரு இடத்தைக் கணக்குல சேர்க்க வேண்டாம். விட்டுடு."

நிதானம் நேர்மையான மனிதர். அவருக்குச் சொன்ன வார்த்தை சொன்ன வார்த்தைதான்.

"அது எப்படிங்க? காரணம் இல்லாம ஒரு இடத்துல நின்னாலும் வேன்னு சொன்னீங்க. இது நிக்குது. எனக்குக் காரணம் தெரியலை. சலூன்ல நின்னது என் தும்மல், தையற்கடை என் போர்வை, மருந்துக்கடை என் லாடம். எல்லாம் என் தப்புன்னு ஒத்துக்கறேன். ஆனா இங்க நான் தும்மலை, போர்த்தலை, குனியலை. யாரோ இவனுக்கு இங்க பாடம் நடத்தியிருக்காங்க. அது நான் இல்ல."

"உன்னை யாருய்யா இப்போ கேட்டா?" என்று துண்டுக்குள்ளிருந்து முனகினார் முதலாளி.

"நான் கேட்டேன்" என்றாள் மனைவி.

பச்சை கேட்டின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள். கொண்டைபோட்ட அம்மா, முழங்கை வரை மாவோடு வெளியே வந்தாள். வீட்டுக்குள்ளிருந்து தேனும் வெண்ணெயும் சேர்ந்து வெந்த வாசனை ஒன்று சந்தில் இறங்கியது. அந்த வாசனையை நிதானத்துக்கு நன்றாகத் தெரியும், ஊருக்கே தெரியும். வாரம் ஒரு முறை, லீவு நாளுக்கு மறுநாள், பேக்கரியில் வரிசை நின்று வாங்குவார்களே, 'முதலாளி கைப்பக்குவம்' என்று பலகையே எழுதி வைத்திருக்கும் தேன் பிஸ்கட். அதை அவர் யாரையும் பக்கத்தில் விடாமல், ஆள் இல்லாத நாளில் தனியாகச் சுடுவார் என்றுதான் பேச்சு.

அந்த அம்மா நேராக வண்டிக்கு வந்து, துண்டு போர்த்திய முகத்தைக் குனிந்து பார்த்து, வாயெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்:

"என்ன முதலாளி, நாள் மாறி வந்துட்டீங்க, லீவு நாள்லதானே நான் பிஸ்கட் சுட்டு உங்க வண்டியில ஏத்தி விடுவேன்? ஆனா குதிரையை என்னமாப் பழக்கி வச்சிருக்கீங்க, நீங்க இல்லாத நாள்லகூட தவறாம என் வாசல்ல வந்து நிக்குது!"